பசை என்ற பெயரும் தொழுநோயாளியின் கையும்

1850களில் ருடால்ஃப் விர்ச்சோ மூளைத் திசுவில் நியூரான்களுக்கு இடையே கிடந்த பொருளுக்கு 'நியூரோகிளியா' எனப் பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கிளியா' என்றால் பசை. அன்றைய நுண்ணோக்கிக்குப் புலப்பட்டது அவ்வளவே. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பெயரையே விளக்கமாகக் கொண்டு, 'நியூரான்களைத் தாங்கிப் பிடிக்கும் துணைச் செல்கள்' என்ற ஒற்றை வரியோடு பாடத்தை முடித்துக்கொள்ளும் இன்றைய நரம்பியல் வகுப்பறைதான் குறைக்குரியது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் மாணவர் ஆக்சானின் மின்னழுத்தச் சமன்பாட்டை வரிவரியாக எழுதுகிறார். கிளியாவுக்கோ நான்கு பெயர்களை மனப்பாடம் செய்கிறார்.

அந்த ஒற்றை வரியோடு வழக்கமாக ஒட்டிவரும் எண்ணும் பிழையானது. மூளையில் கிளியா செல்கள் நியூரான்களைப்போலப் பத்து மடங்கு என்று பல பதிப்புகள் அச்சிட்டன. 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் மனித மூளையைக் கரைத்து உட்கருக்களை எண்ணியபோது நியூரான்கள் சுமார் 8,600 கோடி, மற்ற எல்லாச் செல்களும் சேர்ந்து சுமார் 8,500 கோடி எனக் கண்டனர். எண்ணிப் பாராமலே பல்லாண்டுகள் ஒரு விகிதத்தைக் கற்பித்திருக்கிறார்கள் என்றால், அச்செல்கள்மீது துறைக்கு இருந்த அக்கறையின் அளவு அதிலேயே தெரிகிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். விடையைத் தேடி அயல்நாடு போக வேண்டியதில்லை. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகம். 2005 இறுதியில் 'பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிந்தது' என்று அறிவித்த பிறகான நிலவரம் இது. இந்நோய் தோல்நோய்ப் பிரிவில் பார்க்கப்படுகிறது. நுண்ணுயிரியல் தாளில் படிக்கப்படுகிறது. ஆனால் நோயாளியின் விரல்களை மடக்கி, பாதத்தில் புண்ணை உண்டாக்கி, கண்ணிமையை மூடவிடாமல் செய்வது நரம்புச் சேதம். அந்த நரம்பினுள் மைக்கோபாக்டீரியம் லெப்ரே குடியேறும் வீடு ஸ்வான் செல், அதாவது ஒரு கிளியா செல். அச்செல்லைச் சூழ்ந்த அடித்தளப் படலத்தில் உள்ள லேமினின் புரதத்தைத் தன் மேலுறைக் கிளைக்கோலிப்பிடால் கிருமி பற்றிக்கொள்கிறது. பின் உள்ளே புகுகிறது. எலியின் ஸ்வான் செல்களைத் தண்டுச்செல் போன்ற நிலைக்கே அது திருப்பிவிடுவதாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. வெறும் பசையாக இருந்தால் ஒரு கிருமிக்கு அதனுள் இவ்வளவு வேலை இருந்திராது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதும்கூட. 2017இல் வரிக்குதிரைமீன் குஞ்சுகளில் நடந்த ஆய்வு, மையலின் உறை முதலில் சிதைவது கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ்களால் என்று காட்டியது. ஸ்வான் செல்லில் தொற்று ஏற்படும் முன்பே சிதைவு தொடங்கிவிடுகிறது. ஆகவே இது நோயெதிர்ப்பியலின் சிக்கல், கிளியாவின் சிக்கல் அன்று என்பர். அடிப்பவர் யார் என்பதை அந்த ஆய்வு திருத்துகிறது. அடிபடுவது ஸ்வான் செல்லின் மையலின் என்பதை அதுவும் மறுக்கவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியைக் கொல்கிறது. ஆயினும் சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்கு எதிர்வினை கிளம்பி நரம்பு கெடுகிறது. அப்போது மருத்துவர் கையில் இருப்பது முதன்மையாகப் பிரெட்னிசோலோன், அழற்சியைப் பொதுவாகத் தணிக்கும் ஒரு ஸ்டீராய்டு. ஸ்வான் செல்லைக் காக்கவென்றோ மீட்கவென்றோ தனி மருந்து இல்லை. அதைத் தேட வேண்டிய துறை அந்தச் செல்லைத் தன் பாடமாகவே கருதவில்லை என்பதற்கும் இந்த வெறுமையில் பங்குண்டு.

கிளியாவைக் கவனித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூரோமைலிடிஸ் ஆப்டிகா சான்று. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் இந்நோய் நெடுங்காலம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகையாக எண்ணப்பட்டது. 2004இல் இதற்கே உரிய எதிர்ப்புப் பொருள் ஒன்று கண்டறியப்பட்டது; மறு ஆண்டே அதன் இலக்கு அக்வாபோரின்-4 எனத் தெரிந்தது. அந்தப் புரதம் இருப்பது நியூரானில் அன்று, ஆஸ்ட்ரோசைட்டில். வேறுபாடு ஏட்டளவிலானதன்று: இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட் போன்ற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மருந்துகள் இந்நோயைத் தீவிரப்படுத்தக்கூடும். தாக்கப்படும் செல் எது என்று தெரியாத காலத்தில், உதவ வந்த மருந்தாலேயே சிலர் கெட்டிருக்கிறார்கள். இலக்கு தெரிந்த பின், 2019, 2020 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இந்நோய்க்கென மூன்று மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

மறுபுறத்தில், கிளியாவை 'இரண்டாம் மூளை' என்றும் ஐன்ஸ்டைனின் மேதைமைக்கு அதுவே காரணம் என்றும் விற்கும் கூட்டமும் இருக்கிறது. 1985இல் ஒரே ஒரு மேதையின் மூளைத் துண்டுகளைப் பதினொருவருடையவற்றோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வின் மேல் கட்டிய கோபுரம் அது. அலட்சியத்துக்கு மாற்று ஆரவாரம் ஆகாது. மின்தூண்டலைக் கடத்துவது நியூரான் என்பதில் ஐயமில்லை. ஆனால் சினாப்சில் எஞ்சும் குளூட்டமேட்டை ஆஸ்ட்ரோசைட் அகற்றாவிட்டால் அந்த நியூரானே நஞ்சுண்டு சாகும். அல்சைமர் நோயின் அபாயத்தைக் கூட்டும் டிரெம்2 மரபணு மாற்றம் 2013இல் வெளிப்பட்டபோது, அது மூளைக்குள் முதன்மையாகச் செயல்படும் இடம் மைக்ரோகிளியா என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது.

பாடத்திட்டக் குழுக்களிடம் கேட்க வேண்டியது பெரிதல்ல. நரம்பியல் முதுகலைத் தாளில் தொழுநோய்க்கு ஒரு வாரம். அந்த வாரத்தை ஸ்வான் செல்லிலிருந்து தொடங்குதல். தேர்வில் கட்டாயக் கேள்வி ஒன்று. நேரமில்லை என்ற பதில் வரும். அதே பருவத்தில் கணவாயின் ராட்சத ஆக்சானுக்கு மூன்று வாரம் ஒதுக்க நேரம் இருக்கிறது.