மூலம் என்று சும்மா இருக்கலாமா?

வெளிக்குப் போகும்போது ரத்தம் கண்டால் அது மூலம்தான் என்று முடிவு கட்டிவிடுவது நம் உழைப்பாளி மக்களிடையே ஊறிப்போன பழக்கம். ஆலையில் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளி “உடம்புச் சூடு” என்கிறார். நடவு நடும் பெண் வாய் திறந்து சொல்லவே கூச்சப்படுகிறார். “மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணமாகும்” என்று சுவருக்குச் சுவர் விளம்பரம் இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு சூரணத்தை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறோம்.

பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருக்கும். சந்தேகமில்லை. ஆனால் சிலருக்கு அது பெருங்குடலில் வளரும் புற்றுநோய். இரண்டில் எது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்த ஏமாற்றம் படிக்காதவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. தமிழகத்தின் முன்னோடிப் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சொந்தத் தங்கை மலக்குடல் புற்றுநோயால் மாண்டார். தொடக்கத்தில் அதைச் சீதபேதி என்று எண்ணி வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த வேதனையை நெஞ்சில் சுமந்துதான் அவர் பல ஆண்டுகள் பாடுபட்டு, 1954ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். டாக்டர் வீட்டிலேயே இப்படி என்றால், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கூலி வீட்டில் என்ன நடக்கும்?

வியாதி எப்படி வளருகிறது?

பெருங்குடல் சுமார் ஐந்தடி நீளம். அதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை மொட்டு ஒன்று முளைக்கிறது. வலி இல்லை, தொந்தரவு இல்லை. எல்லா மொட்டும் புற்றாவதில்லை. புற்றாக மாறுவதற்கும் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை பிடிக்கிறது. மற்றப் பல புற்றுநோய்களில் நமக்குக் கிடைக்காத அவகாசம் இது. அந்தப் பத்து ஆண்டுக்குள் மொட்டைக் கிள்ளிவிட்டால் அது புற்றாக மாறப்போவதில்லை.

கிள்ளுவதற்கான வழிதான் கொலனோஸ்கோபி. நுனியில் கேமராவும் விளக்கும் உள்ள, விரல் பருமனான, வளைந்து கொடுக்கும் ஒரு குழாயை ஆசனவாய் வழியாக விட்டுக் குடல் முழுவதையும் பார்க்கிறார்கள். மொட்டு தென்பட்டால் அந்தக் குழாய் வழியாகவே மெல்லிய கம்பிச் சுருக்கைப் போட்டு அறுத்து எடுத்துவிடுகிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. மயங்கித் தூங்க ஊசி போடுவார்கள். அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். குடலில் ஓட்டை விழுவது, ரத்தம் கசிவது போன்ற ஆபத்துகள் மிக அபூர்வம். இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள்தான் சிரமம். திட ஆகாரம் கூடாது. இளநீர் போன்ற தெளிந்த திரவம் மட்டும் குடித்து, டாக்டர் கொடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். குடல் சுத்தமாகும் வரை பல முறை வெளிக்குப் போகும். குடலில் அழுக்கு இருந்தால் மொட்டு கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதனால் பலன் உண்டா? அமெரிக்காவில் 1,418 பேருக்கு மொட்டுகளை அகற்றிவிட்டுப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். வரக்கூடும் என்று கணக்கிட்ட புற்றுநோயில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வராமலே போயிற்று என்று 1993ல் முடிவு வெளியாயிற்று.

யாருக்கு அவசியம்?

மலத்தில் ரத்தம் காண்பவர்கள், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வருபவர்கள், காரணமில்லாமல் உடல் இளைப்பவர்கள் உடனே டாக்டரிடம் போக வேண்டும். தாய், தகப்பன், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் நாற்பது வயதிலேயே, சில சமயம் அதற்கும் முன்பே, பரிசோதனை தேவை.

இன்னொரு அடையாளம் சோகை. நம் விவசாயத் தொழிலாளர்களுக்குச் சோகை என்றால் “சாப்பாடு போதவில்லை” என்று சொல்லிவிடுகிறோம். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருந்தால் பல சமயம் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது. சொட்டுச் சொட்டாகக் கசிந்து ஆளைச் சோகையாக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ரத்தம் குறைந்தால் இரும்புச் சத்து மாத்திரையோடு திருப்தி அடையக் கூடாது. காரணத்தைத் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஜனாதிபதிக்கு ஒரு குடல், கூலிக்கு ஒரு குடலா?

1985 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ரேகனுக்கு இந்தப் பரிசோதனை நடந்தது. பெரிய கட்டி ஒன்று தென்பட்டது. மறுநாளே அறுவை செய்து எடுத்தார்கள். அதில் புற்றுநோய் இருந்தது. அப்போது அவருக்கு 74 வயது. அதன் பிறகு பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 2004ல்தான் காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளை மாளிகைக்குக் கிடைத்த வைத்தியம் நம்முடைய சேரிக்கும் குடிசைக்கும் ஏன் எட்டவில்லை?

ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. நந்தன் கதை இந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. சிதம்பரம் போக ஆசைப்பட்ட பண்ணையாள் “நாளைப் போவேன், நாளைப் போவேன்” என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் வாங்கினான். நந்தன் சோம்பேறியா? கோபாலகிருஷ்ண பாரதியார் சொல்லும் சரித்திரத்தில், நாற்பது வேலி நிலத்தின் வேலை முடியாமல் ஆண்டை அவனுக்கு உத்தரவு கொடுக்கவில்லை. இன்றைய விவசாயத் தொழிலாளியும் “ஆஸ்பத்திரிக்கு நாளைப் போகலாம்” என்றுதான் சொல்கிறார். முதல் நாள் மருந்து குடிக்க ஒரு நாள், பரிசோதனைக்கு ஒரு நாள், துணைக்கு வருபவருக்கு ஒரு நாள். மூன்று நாள் கூலி போனால் அந்த வாரம் அடுப்பு எப்படி எரியும்? கக்கூஸ் இல்லாத வீட்டில் இருபது தடவை வெளிக்குப் போக ஒரு பெண் எங்கே போவார்? இதையெல்லாம் யோசிக்காமல் “விழிப்புணர்வு” என்று பேசுவது வெறும் உபதேசம்.

நமது கோரிக்கைகள்

வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு முப்பது வயதானவர்களைப் பரிசோதிக்க மத்திய சர்க்கார் 2016ல் திட்டம் வகுத்தது. அது நல்ல காரியம். ஆனால் குடல் அந்தப் பட்டியலில் சேரவில்லை. மேல்நாடுகளைவிட இங்கே இந்த நோய் குறைவு என்பது உண்மைதான். அதற்காகப் புறக்கணிக்கலாமா? 2020 மதிப்பீட்டின்படி அந்த ஓர் ஆண்டில் இந்தியாவில் 65 ஆயிரம் பேருக்கு மேல் இந்த நோய் கண்டிருக்கிறது.

எல்லோருக்கும் குழாய் விட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க எளிய, மலிவான பரிசோதனை இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில் 46 ஆயிரம் பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், ஆண்டுதோறும் இதைச் செய்து, சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும் குழாய்ப் பரிசோதனை செய்ததில், இந்த நோயால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்தச் சோதனையை ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தர வேண்டும். சந்தேகம் உள்ளவர்களுக்குக் கடலூர் தலைமை ஆஸ்பத்திரியிலும் சிதம்பரம் மருத்துவக் கல்லூரியிலும் தாமதமின்றி, இலவசமாகக் கொலனோஸ்கோபி செய்ய வேண்டும். முதல் நாளே தங்கி மருந்து குடிக்கப் படுக்கையும் கக்கூஸும் ஒதுக்க வேண்டும். ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் லீவு வேண்டும். ஈ.எஸ்.ஐ. பாதுகாப்புக்கூட இல்லாத விவசாயத் தொழிலாளிக்கு, இழந்த கூலியைச் சர்க்கார் ஈடுகட்ட வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சிதம்பரமே பதில் சொல்லும். ரேகனுக்கு அறுவை நடந்த அதே 1985ல்தான் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2013ல் மாநில சர்க்கார் சட்டம் போட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்ட பிறகும், மருத்துவ மாணவர்களிடம் மற்ற அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்கினார்கள். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வாரக்கணக்கில் விடாமல் நின்றார்கள். 2021 தொடக்கத்தில் சர்க்கார் இறங்கி வந்தது. கல்லூரி சுகாதாரத் துறையின்கீழ் வந்து, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. மாணவர்கள் போராடிக் கட்டணத்தைக் குறைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் கதவு கூலிக்காரருக்கும் தாராளமாகத் திறக்கும்படி செய்வது நம்முடைய வேலை.

தோழர்களே! கோரிக்கை நிறைவேறும் வரை ரத்தம் காத்திருக்காது. அடையாளம் கண்டவர்கள் இந்த வாரமே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கோ போய், கூச்சப்படாமல் சொல்லுங்கள். “மூலமா, வேறு ஏதாவதா, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். தனியாகப் போகத் தயங்குபவருடன் சங்கத் தோழர் ஒருவர் கூடப் போகட்டும். ஒருவர் கூலி போனால் நாலு பேர் சேர்ந்து அந்த வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கட்டும். வேலைநிறுத்தக் காலத்தில் செய்கிறோமே, வியாதிக் காலத்தில் ஏன் செய்யக் கூடாது?