மாலை யாருக்கு விழும்?

கிரிவலப் பாதையில் நடப்போர், பாதி வழிக்குச் சற்று மேல் கடந்ததும், அண்ணாமலையார் பெருங்கோயிலுக்கு மறுபுறத்தே அமைந்த அடி அண்ணாமலையை அடைவர். எம் துறை மாணவர் ஒருவரின் இல்லம் அங்குள்ளது. அவரது அழைப்பை ஏற்று, ஒரு ஞாயிறன்று மாணவர் சிலருடன் நாம் அங்குச் சென்றிருந்தோம். திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்திய பொழுதில் மாணவரிடையே சூடான வாதம் ஒன்று எழுந்தது. அறிவியல் புனைவாகவும் மாயக் கதையாகவும் வெளிவரும் திரைப்படங்களுள்ளும் கணினி விளையாட்டுகளுள்ளும் எவை இவ்வாண்டு விருது பெறும் என்பதே வாதத்தின் பொருள். ஒருவர் தாளில் பட்டியலே எழுதி வைத்திருந்தார்.

வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்த மாணவரின் பாட்டனார், கூத்துப் பார்த்தே வளர்ந்தவர், இடையில் புகுந்தார். "யாரு நல்லா ஆடுறான்னு விடியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும் சார். யாருக்கு மாலை விழும்னும் தெரிஞ்சிடும். ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார்.

விருது பற்றி நாம் படித்த நீண்ட கட்டுரைகள் எவையும் இத்துணைத் தெளிவாக இதனைக் கூறியதில்லை.

வருவதுரைத்தல் மாந்தர்க்கு உரியதன்று என்னும் கொள்கையினர் நம்முள் பலர். அவர்கள் கவலுறத் தேவையில்லை. மாணவர் செய்தது குறி கேட்டல் அன்று, வாக்களிப்போரின் இயல்பை ஆராய்தல். பணயம் வைத்தால் அது சூதாட்டமே. அதனை நாம் ஒருபோதும் ஏற்கோம். பணயமின்றிக் கணிப்பதோ ஒருவகைத் திறனாய்வுப் பயிற்சி எனலாம். எனினும் 'எனக்குப் பிடித்தது' என்பதையும் 'அவர்கள் தேர்வது' என்பதையும் குழப்பிக் கொள்வோர்க்கு அப்பயிற்சியால் பயனில்லை.

சான்றுக்கு மேலை நாட்டு விருதுகள் இரண்டினை நோக்குவோம். ஹியூகோ விருதுக்கு வாக்களிப்போர் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர். அவர்கள் பெரும்பாலும் வாசகர்களே. நெபுலா விருதுக்கு வாக்களிப்போர் எழுத்தாளர் சங்கத்தினர். 2023ஆம் ஆண்டின் படங்களுக்கு 2024இல் விருது வழங்கியபோது, எழுத்தாளர் சங்கத்தார் 'பார்பி'யைத் தேர்ந்தனர். வாசகர்களோ 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' படத்தைத் தேர்ந்தனர். விளையாட்டுக்கான பரிசை மட்டும் இரு சாராருமே 'பால்டர்ஸ் கேட் 3' என்பதற்கு அளித்தனர். அங்குக் கணித்தல் எளிது; படத்தில் கணித்தல் அரிது.

ஹியூகோ வாக்குமுறையும் அறியத்தக்கது. வாக்காளர் படைப்புகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவர். கடைநிலையில் நிற்பது நீக்கப்பட்டு, அதன் வாக்குகள் அடுத்த விருப்பத்திற்குச் செல்லும். ஆகவே சிலர் பெரிதும் விரும்பிப் பலர் வெறுக்கும் படைப்பைக் காட்டிலும், பலரும் இரண்டாமிடம் தரும் படைப்பு வெல்லுதல் கூடும். 'எதற்கும் இல்லை' என்று வாக்களிக்கவும் அங்கு இடமுண்டு. 1977இல் திரைப் பிரிவில் அதுவே வென்றது. 1970இலோ நிலவில் மனிதன் இறங்கிய நிகழ்ச்சியின் தொலைக்காட்சி ஒளிபரப்பு அப்பிரிவின் பரிசைப் பெற்றது. கற்பனைக்கென ஏற்பட்ட பரிசை மெய்ந்நிகழ்ச்சி தட்டிச் சென்றதை எந்தக் கணிப்பாளர் முன்னுரைத்திருப்பார்!

இனி நம் வீட்டிற்கு வருவோம். தேசியத் திரைப்பட விருதுகளை நடுவர் குழு ஒன்று கூடித் தேர்கிறது; குழுவினர் ஆண்டுதோறும் மாறுவர். எனவே கணித்தல் கடினமாயிருத்தல் வேண்டும். ஆயின் தமிழ் அறிவியல் புனைவுப் படத்தைப் பொறுத்தவரை அது மிக எளிதாயிருக்கிறது என்பதே எம் வருத்தம். 2010ஆம் ஆண்டிற்கான விருதுகளில் 'எந்திரன்' பெற்றவை இரண்டு: ஒன்று தந்திரக் காட்சிகளுக்கு, மற்றொன்று கலை அமைப்புக்கு. 2016இல் காலப் பயணக் கதையான '24' பெற்றவையும் இரண்டே: ஒளிப்பதிவும் கலை அமைப்பும். 'எந்திரன்' பரிசு பெற்ற அதே ஆண்டில் சிறந்த படமாகத் தேர்வுற்றது, ஹஜ் செல்ல விழையும் முதிய அத்தர் வணிகர் ஒருவரின் கதையாகிய 'ஆதாமின்டெ மகன் அபு' என்னும் மலையாளப் படம். இயந்திர மனிதனின் மினுக்கைப் பாராட்டிய நடுவர், மனிதனின் ஏக்கத்திற்கே முதன்மை தந்தனர். அதனை நாம் குறை கூறோம்.

மாயக் கதைக்குப் பெரும் பரிசே கிட்டாது என்றும் சொல்லவியலாது. 2015இல் 'பாகுபலி' சிறந்த படம் என்னும் பரிசையே வென்றது. தெலுங்கும் தமிழும் இணைந்தே உருவான படம் அது. அதே 2015இல் சிறு பொருட்செலவில் வெளிவந்து, காலப் பொறியைக் கதையின் திருப்பங்களாலேயே நடத்திய 'இன்று நேற்று நாளை' தேசிய விருதுப் பட்டியலில் இடம்பெறவில்லை. எம் கருத்தில், கதைக்கெனத் தமிழ் அறிவியல் புனைவு ஒன்று பாராட்டப்பட வேண்டின் அதுவே தகுதியுடையது. இதில் நம்முடன் மாறுபடுவோர் எம் துறையிலேயே உளர்.

கணினி விளையாட்டில் நிலை வேறு. கனடாவில் உருவான 'வெண்பா' என்னும் விளையாட்டு, அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் அடுக்களையைக் களமாகக் கொண்டது. அன்னையின் கிழிந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்லி வார்ப்பதே அதில் ஒரு புதிர். அரக்கரும் விண்கலமும் இல்லை. 2023இல் அமெரிக்க விழாவொன்றில் அறிமுகப் படைப்புக்கான பரிசை அது இழந்தது. 2024இல் பிரித்தானியத் திரைக் கலைக்கழகம் அறிமுகப் படைப்புக்கான பரிசை அதற்கே அளித்தது. முதல் முடிவைக் கொண்டு இரண்டாவதைக் கணித்தோர் ஏமாந்திருப்பர். நம் பிள்ளைகள் பலர் இதன் பெயரைக் கூடக் கேட்டிலர். வாள் வீசும் விளையாட்டுகளின் பெயர்களையோ ஒப்பிக்கின்றனர்.

தமிழுக்கு மாயக் கதை புதிதன்று. அரபுலகின் ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து வந்ததே 1956இல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. பாரசீகமும் உருதும் வழியாக வந்த 'குலேபகாவலி' 1955இல் திரையேறியது. 'பாக்தாத் திருடன்' 1960இல் வெளிவந்தது. 'கலை அரசி' 1963இலேயே வேற்றுக் கோளினரைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தது. தந்தையின் பார்வையை மீட்க ஒரு மலரைத் தேடிச் செல்லும் மகனின் கதைக்குக் கணினி தேவைப்படவில்லை. நம் முன்னோர் பாடிய கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் பாடநூலாக மட்டுமே மாணவர் கையில் தந்துவிட்டு, வியப்புணர்வை அவர்கள் வேறெங்கோ தேடுமாறு விட்டது ஆசிரியராகிய நம் பிழையே. மாணவரைக் கடிவதில் பொருளில்லை.

திண்ணையில் எழுந்த வாதம் மாலை வரை நீடித்தது. பட்டியல் வைத்திருந்தவர், அடுத்து வரவிருக்கும் தமிழ் அறிவியல் புனைவுப் படம் ஒவ்வொன்றுக்கும் நேராகத் தந்திரக் காட்சி, கலை அமைப்பு, ஒளிப்பதிவு எனத் தயக்கமின்றி எழுதிச் சென்றார். திரைக்கதை என்னும் கட்டம் வெறுமையாயிருந்தது. அங்கு என்ன எழுதுவதென்று எம்மை வினவினார். பாட்டனாரைப் பார்த்தோம். அவர் வெற்றிலையை உமிழ எழுந்து சென்றிருந்தார். கட்டத்தை இப்போதைக்கு விட்டுவையுங்கள் என்றோம்; வரும் பருவத்தில் துறையின் கையெழுத்து இதழுக்கு ஆளுக்கொரு மாயக் கதை எழுதித் தருவதாக அவர்கள் நால்வரும் ஒப்புக்கொண்டுள்ளனர்.