வீட்டுக்குள் கூடும் சபை

‘வீட்டுச் சபை’, ‘எளிய சபை’ ஆகிய சொற்கள் கடந்த முப்பது ஆண்டுகளாகக் கிறிஸ்தவர்களிடையே புழங்கி வருகின்றன. கோபுரம் வேண்டாம், பீடம் வேண்டாம், சம்பளம் பெறும் குருவானவர் வேண்டாம். பத்துப் பதினைந்து பேர் ஒரு வீட்டில் பாய் விரித்து அமர்ந்து, வேதம் வாசித்து, செபித்து, சேர்ந்து உண்டால் போதும் என்பது இதன் சாரம். ஆதரிப்பவர்கள் இதை அப்போஸ்தலர் காலத்துக்குத் திரும்புதல் என்கிறார்கள். பழைய திருச்சபைக்காரர்கள், தங்கள் மந்தையிலிருந்து ஆடு திருடுகிறார்கள் என்று குறைப்படுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களில் பலருக்கோ ஒவ்வொரு வீட்டு ஜெபமும் மதமாற்றப் பட்டறையாகத் தெரிகிறது. இம்மூவரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. அது யாருடைய வீடு?

இக்கேள்வி நம் ஊரில் பிறந்ததன்று. சபை என்று நாம் தமிழாக்கிக்கொண்ட ‘எக்ளேசியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கூட்டம் என்பதே பொருள். அதில் கட்டடம் எதுவும் இல்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் பவுல், பிரிஸ்கில்லாள் ஆக்கில்லா தம்பதியரின் வீட்டில் கூடுகிற சபைக்கு வாழ்த்துச் சொல்கிறார். பிலேமோன் வீட்டிலும் ஒரு சபை இருந்தது. சிரியாவில் யூப்ரடீஸ் கரையோரம் இருந்த தூரா எயுரோப்பஸ் நகரில் 1930-களில் தோண்டி எடுக்கப்பட்ட வீடு, அப்படிப்பட்ட சபைகள் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கண்ணால் காணத் தந்தது. பொ.ஆ. 240-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சாதாரணக் குடியிருப்பை வழிபாட்டிடமாக மாற்றியிருக்கிறார்கள். அதற்காகச் செய்த வேலைகளில் ஒன்று, இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியது. வெளிப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே இருந்தது.

ஆயினும் அதே பவுல் கொரிந்தியரிடம் கடுமையாகக் கோபிக்கிறார். வசதி படைத்தோர் முந்தி வந்து வயிறு நிறைய உண்டு, குடித்தும் விடுகிறார்கள். இல்லாதவர்களோ வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள். திருவிருந்தே இப்படி நடந்திருக்கிறது. வீடு என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. உள்ளறை, வெளிமுற்றம் என்ற பாகுபாடு உண்டு. முதல் நூற்றாண்டிலேயே வீட்டுச் சபைக்கு இந்த நோய் இருந்தது. ஆதித் திருச்சபையின் எளிமையைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் கொரிந்து நிருபத்தை ஏனோ வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

இனி, நெல்லைச் சீமைக்கு வருவோம். தமிழ் நிலத்தில் அடித்தட்டிலிருந்து எழுந்த கிறிஸ்தவ இயக்கம் ஒன்றை ஆவணங்களோடு காண வேண்டுமானால் அங்குதான் போக வேண்டும். தஞ்சாவூர் மராட்டிய பிராமண விதவையான கிளோரிந்தா 1778-இல் பாளையங்கோட்டையில் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவரைச் சுற்றி உருவான சிறு கூட்டத்தின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருப்பவை 40 பெயர்கள். பல சாதியினரும் அதில் கலந்திருந்தார்கள். ஆலயம் 1785-இல்தான் வந்தது. கட்டடம் எழுவதற்கு முன்பே சபை இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

தெற்கே, தேரிக்காட்டையும் பனைமரங்களையும் தவிர வேறொன்றும் இல்லாத நாட்டில், இது வேறு விதமாகப் பரவிற்று. சாத்தான்குளம் பக்கத்து நாடார் இளைஞர் ஒருவர் ஊரைவிட்டுத் தஞ்சாவூர் வரை அலைந்து, அங்கே கிறிஸ்தவராகி, தாவீது சுந்தரானந்தம் என்ற பெயரோடு சொந்த ஊர்ப்பக்கம் திரும்பினார். அவர் முதலில் பேசியது தம் உறவினர்களிடம். நம்பியவர்கள் தொல்லைக்கு ஆளானபோது அவர்களுக்கென நிலம் வாங்கி 1799-இல் உண்டாக்கிய ஊரே முதலூர். சில ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார் என்றே நெடுங்காலமாக நம்பப்படுகிறது.

பின்பு ஊருக்கு ஊர் செபவீடுகள் தோன்றின. மண்சுவர், பனையோலைக் கூரை, மணல் பரப்பிய தரை. பனையேறி இறங்கியவரும் பதநீர் காய்ச்சிய பெண்களும் பொழுது சாய்ந்ததும் அங்கே கூடினார்கள். சேகரத்தின் குருவானவர் எப்போதாவது வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாள்களிலெல்லாம் சபை என்பது உபதேசியார்தான். எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், கடிதம் படித்துக் காட்டியவர், மனு எழுதிக் கொடுத்தவர், நடு இரவில் சாவு வீட்டுக்குப் போனவர் அவரே. ரேனியஸ், கால்டுவெல் ஆகியோரின் பெயர் நமக்குத் தெரியும். உபதேசியார்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? இடையன்குடிப் பேராலயத்தைக் கால்டுவெல் 1847-இல் தொடங்கி 1880-இல் முடித்தார். வரலாற்று நூல்கள் அந்த உழைப்பை வியந்து எழுதுகின்றன, நாமும் வியக்கிறோம். ஆனால் அந்த 33 ஆண்டுகளும் அவ்வூர் மக்கள் செபிக்காமல் காத்திருக்கவில்லை.

இதன் பொருளாதாரம் ஒரு பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவாள். அது சேர்ந்து ஊழியத்துக்குப் போகும். மிசோரத்தில் 1910 முதல் ‘பூஃபாய் தாம்’ என்ற பெயரில் இதே வழக்கம் இருந்து வருகிறது. அம்மலைநாட்டுச் சபைகள் வெளியூர்களுக்கு மிஷனரிகளை அனுப்புவதில் அந்த அரிசிக்குப் பெரும்பங்கு உண்டு. இவர்களில் எவரும் தாங்கள் செய்வதை ‘அடித்தள இயக்கம்’ என்று அழைத்ததில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உறவு வழியே பரவிய இயக்கம் உறவின் எல்லையில் நின்றுவிட்டது. பாளையங்கோட்டைப் பதிவேட்டில் கலந்திருந்த சாதிகள் கிராமத்தில் கலக்கவில்லை. செபவீடு எந்தத் தெருவில் இருந்ததோ அந்தத் தெருவின் சாதியே சபையாயிற்று. மிஷனரிகளின் அதிகாரத்தை உதறி 1857-இல் தனிச்சபை கண்ட அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, சனிக்கிழமை ஓய்வுநாள் உட்படப் பலவற்றைத் துணிந்து மாற்றினார். வெள்ளையரிடமிருந்து விடுபட்ட அந்தச் சபையும் பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள்தான் நின்றது.

கட்டடத்தில் கூடுவோர் மட்டும் யோக்கியர்களா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தை, வெள்ளாளருக்கு ஒன்றும் நாடாருக்கு ஒன்றுமாக, கவட்டைபோல் பிரியும் இரு கூடங்களோடு கட்டி நடுவே தடுப்பும் வைத்திருந்தார்கள். 1910-இல் கௌசானல் அடிகளார் அதை இடிக்க, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. வெட்கக்கேடுதான். எனினும் அந்தச் சுவர் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆகவே ஒருவர் அதை இடிக்க முடிந்தது. ஒரே தெருவில், ஒரே சொந்தத்துக்குள் கூடும் வீட்டுச் சபையில் எழுப்ப வேண்டிய சுவரே இல்லை. அங்கே எதை இடிப்பது?

இந்நிலையை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர்கள் உண்டு. மத்திய இந்தியாவில் பணியாற்றிய டொனால்டு மெக்காவ்ரன் 1955-இல் வெளியிட்ட நூலிலும் பின்னர் வந்தவற்றிலும், மக்கள் தம் இன, சாதி எல்லையைத் தாண்டாமலே கிறிஸ்தவராக விரும்புகிறார்கள், அந்த வழியில் போனால் சபை விரைந்து வளரும் என்று வாதிட்டார். கணக்கு சரியாக இருக்கலாம். இன்றைய எளிய சபைக் கையேடுகள் பலவற்றிலும், ஒரு வீடு இரண்டாகி, இரண்டு நான்காகும் பெருக்கல் வாய்பாட்டில், இந்தக் கணக்கின் நிழலைப் பார்க்கிறோம். தன் தெருவில், தன் குடிசையில் கூடும் தலித் கிறிஸ்தவருக்கு அந்த வீடு தரும் மதிப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. பின்வரிசைக்குப் போ என்று சொல்ல அங்கே ஆளில்லை. அதை ஒரு வளர்ச்சி உத்தியாக்கி, பிரிந்தே இருங்கள் என்று படித்தவர்கள் சொல்லிக் கொடுப்பதைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

இங்கே வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைக்காமல் முடியாது. வெள்ளாளன்விளையில் கிராமக் குருவானவரின் மகனாக 1874-இல் பிறந்தவர். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவானதில் அவர் முன்னின்றார். ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, நெல்லைக் கிறிஸ்தவர்கள் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். அசரியாவும் 1909-இல் அங்கே குடிபோனார். மொழி வேறு, சாதி வேறு, சாப்பாடு வேறு.

மறு ஆண்டு எடின்பரோ மாநாட்டில் பேச அழைத்தார்கள். மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்ன கையோடு, அவர்கள் இந்திய ஊழியரைத் தம் வீட்டு மேசைக்கு அழைப்பதில்லை, நண்பராக நடத்துவதில்லை என்ற குறையை அவர்கள் முகத்துக்கு நேரே வைத்தார். அவையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1912-இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பாமரத் தெலுங்கு மக்களின் சிற்றூர்ச் சபைகளே அவருடைய திருமண்டலத்தின் பெரும்பகுதி. அந்த மனிதரே இந்து, இசுலாமிய, கிறிஸ்தவக் கட்டட மரபுகளை இணைத்துத் தோர்ணக்கல்லில் பேராலயம் ஒன்றையும் எழுப்பினார். 1939-இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. எளிய சபைக்காரர்கள் வேண்டுமானால் அதற்காக அவரைக் குறை சொல்லட்டும். நமக்கு மனம் வரவில்லை.