சட்டம் அறிவோம்: சீதனக் காணியும் கணவரின் கையொப்பமும்



ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் சீதனமாக எழுதிக் கொடுத்த நான்கு பரப்புக் காணி அவருடைய பெயரில் இருக்கிறது. மகளின் திருமணத்துக்காக அதில் இரண்டு பரப்பை மகளுக்கு நன்கொடையாக எழுத அவர் நொத்தாரிசிடம் செல்கிறார். "கணவர் கையொப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய மரணச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள்" என்று பதில் கிடைக்கிறது. கணவரோ 2009 இல் காணாமற்போனவர். அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க அந்தத் தாயின் மனம் இடங்கொடுக்கவில்லை. காணி அப்படியே கிடக்கிறது.

வடக்கில் பல பெண்கள் இந்த நிலையில் இருக்கிறார்கள். கிராமங்களில் சட்ட உதவித் தொண்டர்களாகப் பயிற்சி பெறும் சகோதரிகள் இதற்கான விடையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு மூன்று சொற்கள் விளங்கினால் போதும்: உரித்து, சம்மதம், கட்டளை.

உரித்து

உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்கே காணி உரித்தானது. திருமணம் செய்ததால் மனைவியின் சீதனமோ முதுசமோ கணவருடையதாக மாறுவதில்லை. "கையொப்பம் கேட்கிறார்கள், அப்படியானால் காணி அவருக்கும் சொந்தம்தானே" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு.

சம்மதம்

வட மாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தை 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்தனர். 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு வழங்கினர். பின்னர் வந்த 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க, யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவே இந்தக் கையொப்பத்தைக் கேட்கிறது. மணமான பெண் தன் அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடையாக எழுதவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அது இல்லாமல் எழுதப்படும் உறுதி செல்லாது.

ஆனால் நகை, பணம் போன்ற அசையும் சொத்துக்கு இந்தச் சம்மதம் தேவையில்லை. மரணசாசனம் எழுதுவதற்கும் தேவையில்லை. கணவர் தன் காணியை விற்க மனைவியின் சம்மதத்தை இச்சட்டம் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். இது சமத்துவமற்ற ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

கிழக்கிலும் மலையகத்திலும் பொதுச் சட்டத்தின் கீழ் வாழும் பெண்களுக்கு இந்தத் தடை கிடையாது. தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணந்த பெண், திருமணம் நீடிக்கும் வரை தானும் அதற்கு உட்படுவார். ஆகவே, உதவி கேட்டு வருபவரிடம் ஊரை மட்டும் கேட்டால் போதாது, கணவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்பதையும் கேளுங்கள்.

கட்டளை

அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவு வழியொன்றையும் திறந்து வைத்திருக்கிறது. கணவர் கைவிட்டுச் சென்றிருந்தால், அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், அல்லது மனைவி பிள்ளைகளின் நலனுக்கு அவசியமானால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீதிமன்றம் சுருக்கமாக விசாரித்து, கணவரின் சம்மதமின்றியே உறுதி எழுத அனுமதிக்கும் கட்டளையை வழங்கலாம்.

சட்டம் இங்கே கேட்பது "இருக்குமிடம் தெரியாது" என்பதை மட்டுமே. "இறந்துவிட்டார்" என்று அந்தத் தாய் சொல்ல வேண்டியதில்லை. தன் சீதனக் காணியை மகளுக்கு எழுதுவதற்காக அவர் மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணவரைத் தேடும் உரிமையும் கையைவிட்டுப் போகாது.

எவற்றைச் சேர்க்க வேண்டும்?

காணி உறுதி, விவாகப் பதிவுச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடமோ காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடமோ பதிந்ததற்கான பத்திரங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். 2016 இல் திருத்தப்பட்ட மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ், ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதை மட்டும் குறிக்கும் சான்றிதழையும் பெறலாம். அது மரணச் சான்றிதழ் அல்ல. இருந்தால் நல்ல சான்றாகும்.

இவற்றோடு மனுவையும் சத்தியக்கடதாசியையும் சட்டத்தரணி தயாரிப்பார். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். பிரதிகளை மட்டுமே கொடுங்கள். மூலப் பத்திரங்களை, பற்றுச்சீட்டுப் பெறாமல் எவரிடமும் விட்டு வராதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டளை மனைவியின் சொந்தக் காணிக்கு மட்டுமே உதவும். கணவரின் பெயரிலுள்ள காணியை இதைக் கொண்டு விற்க முடியாது. அரச உத்தரவுப் பத்திரக் காணிக்கு வேறு விதிகள் உள்ளன. அதற்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும்.

"கணவர் வந்தால்தான் முடியும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு சகோதரி உங்கள் ஊரிலும் இருக்கலாம். அவரிடம் 8 ஆம் பிரிவைப் பற்றிச் சொல்லுங்கள்.