நாலு மணிக்கு மேல் யார் பொறுப்பு?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பைக் கடைத்தெருவில் மாலை நாலு மணிக்கு நின்று பார்ப்பவர்களுக்கு இரண்டு காட்சிகள் தென்படும். ஒரு பக்கம் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள். மறு பக்கம் புத்தகப் பையுடன் வீடு திரும்பும் பெண் குழந்தைகள். தாயும் தகப்பனும் ஷிப்டு வேலைக்குப் போகும் குடும்பங்களில், குழந்தை போய்ச் சேரும் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி அவள் கையில். அதற்குப் பின் விளக்கு வைக்கும் நேரம் வரை அவளுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியையே இன்று நாம் எழுப்ப விரும்புகிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அதன் இடத்தில் வந்துள்ள 2020-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பும் ஆறு வயதோடு நின்றுவிடுகிறது. மறு கோடியில், வேலைக்கு வரும் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பேர் தங்கும் விடுதி 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது. நல்ல காரியமே, பாராட்டுகிறோம். ஆனால் தொட்டில் குழந்தைக்கும் தொழிலாளிப் பெண்ணுக்கும் நடுவே நிற்கும் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த வயதோ சாமானியமானதன்று. தேகம் வளர்ந்து மாறுகிற காலம் அது. இரத்த விருத்திக்கு இரும்புச் சத்து அதிகம் வேண்டியிருக்கும் காலமும் அதுவே. தமிழ்நாட்டில் பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்த சோகை உடையவர்கள் என்று 2019-21-ம் வருஷத்துத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் 2013-ம் வருஷத்திலேயே தேசமெங்கும் தொடங்கிற்று. மாத்திரை மட்டும் போதுமா? மாலையில் டீயும் பொட்டலத் தின்பண்டமுமே ஆகாரமானால், கொடுத்த மாத்திரையின் பலன் எவ்வளவு நிற்கும்?

இதே வயதில்தான் அவளுடைய விளையாட்டும் நின்றுபோகிறது. 146 தேசங்களில் பதினொன்று முதல் பதினேழு வயது வரையுள்ள மாணவிகளில் நூற்றுக்கு 85 பேர் போதிய தேகப் பயிற்சியின்றி இருந்தனர் என்று 2016-ம் வருஷத்து நிலையை ஆராய்ந்த உலக சுகாதார ஸ்தாபனம் கண்டது. நம் ஊரில் மைதானம் பையன்களுக்கு, பெண்ணுக்கு வாசற்படி. கைத்தொலைபேசியில் ஓயாது வரும் வெளுத்த முகங்களோடு தன் முகத்தை ஒப்பிட்டு, "நான் கறுப்பு, நான் குண்டு" என்று குன்றிப் போகிறாள். தன்னைத் தானே அற்பமாக மதிக்கும் பெண் நாளை யாரிடம் தலை நிமிர்ந்து பேசுவாள்?

2021-ம் வருஷம் டிசம்பர் மாதம், விடுதிச் சாப்பாடு கெட்டுப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தபோது, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். தேசம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்படிக் கேட்கும் வாய் பதினெட்டு வயதில் திடீரென்று முளைப்பதில்லை. பத்து வயதில் விதைத்தால்தான் உண்டு.

"பெண் குழந்தை வீட்டுக்குள் இருப்பதே பத்திரம்" என்பார்கள் சிலர். பெரியவர்கள் இல்லாத வீட்டில் பத்திரம் எங்கிருந்து வரும்? "பணம் ஏது?" என்பார்கள் வேறு சிலர். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொது நலத்துக்குச் செலவிடக் கடமைப்பட்டவை. தாயின் உழைப்பில் லாபம் அடைந்தவர்கள் அவள் மகளுக்கு ஒரு பிடி கடலை கொடுப்பது தர்மம் அன்று, கடன்.

நாம் கேட்பது பெரிதன்று. பள்ளி மைதானம் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கட்டும். சம்பளம் கொடுத்து உள்ளூர்ப் பெண்கள் இருவரை நியமிக்கட்டும். 2021-ம் வருஷம் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுக்க எத்தனையோ பெண்கள் முன்வந்ததைக் கண்டோமே! அதே பெண்கள் சடுகுடுவும் ஓட்டமும் பழக்குவார்கள். கேழ்வரகுக் கஞ்சி, எள்ளுருண்டை, நெல்லிக்காய் கொடுக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பெண்களோடு ஒரு நர்ஸும் உட்கார்ந்து, தேகத்தில் நேரும் மாறுதல்களைக் கூச்சமின்றி விளக்கட்டும். சிறுமிகள் கேட்கும் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்கட்டும். தன் பேச்சைப் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று அறிவதே தன்மதிப்பின் முதற்பாடம்.

அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடும் நாள். படப்பையைச் சுற்றியுள்ள கிராமங்களின் ஊழியர்கள் அன்று இந்த ஒரு தீர்மானத்தைக் கொண்டுவருவார்களா? மேடையில் பெண்ணின் பெருமையைப் பேசுவது நமக்குக் கைவந்த கலை. மைதானத்தின் சாவியை அவள் கையில் கொடுப்பதே இனி நாம் செய்ய வேண்டிய வேலை.