கதவுக்கு இலட்சங்கள், பிணைச்சலுக்குச் சில்லறையா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் புதிதாக எழும் பெரிய வீடுகளில் மடிப்புக் கதவு ஒரு மோகமாகிவிட்டது. நாற்சார் முற்றத்தைக் கொங்கிறீற் தட்டால் மூடியவர்கள், இழந்த அந்த வெளியை மண்டபத்துக்குள் மீட்க விரும்புகிறார்கள் போலும். விருப்பத்தில் பிழையில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த இலட்சங்களைத் தேக்கிலும் சித்திர வேலையிலும் கொட்டிவிட்டு, கதவைத் தாங்கவேண்டிய பிணைச்சலையும் சில்லையும் கடைசி நாளில் மிச்சக் காசுக்கு வாங்குகிறார்களே, அதைத்தான் சீரணிக்க முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2.1 மீற்றர் உயரம், 60 சென்ரிமீற்றர் அகலம், 4 சென்ரிமீற்றர் தடிப்புள்ள ஒரு தேக்கு மடல் ஏறத்தாழ 33 கிலோ. நாலு மடல்கள் 130 கிலோ. பாலை மரமானால் ஒரு மடலே 50 கிலோவைத் தாண்டும். கடையில் கேட்டால் 'பாரக் கதவுக்கானது' என்று ஒரு பெட்டியை நீட்டுவார்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள், பதில் வராது. பெட்டியிலும் இராது.

மூடியிருக்கும்போது இரு மடல்களின் பாரத்தைச் சுவரோர அச்சும் மறுமுனையில் தொங்கும் சில்லும் பங்கிட்டுக்கொள்கின்றன. மடித்ததும் பாரம் தண்டவாளக் கோட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறது. கீழ்முனை இடம்பெயரப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது நிலத்திலுள்ள கீழச்சும் வழிகாட்டித் தவாளிப்பும். கால் தடக்கும், அழகில்லை என்று அந்தத் தவாளிப்பைத்தான் முதலில் வேண்டாமென்கிறார்கள். மேல் தண்டவாளமோ பூச்சுக்குள் இறங்கிய குட்டைத் திருகாணிகளில் தொங்குகிறது. அவை கொங்கிறீற் வளையையே தொடுவதில்லை. கதவு தொய்ந்ததும் பழி தச்சர் தலையில்!

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது, எமது காலநிலைக்கு ஒவ்வாது என்று எதிர்த்தோம். எதிர்த்தது சரியே. அதே வாயால் இன்று முலாம் பூசிய மலிவு இரும்பை வெள்ளி என்று வாங்குகிறோம். கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த இந்த நிலத்தில் உப்புக்காற்றுக்கு அந்த முலாம் எம்மாத்திரம்? ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் என்றால் 316 தரத்தைக் கேளுங்கள். 304இல் இல்லாத மொலிப்டினம் அதில் 2 முதல் 3 வீதம் உண்டு, உப்பை அதுவே தாங்கும். காந்தம் இறுக ஒட்டினால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். ஒட்டாததெல்லாம் 316 என்றும் ஏமாறாதீர்கள். பித்தளைப் பிணைச்சலுக்கு இரும்புத் திருகாணி பூட்டுவது இன்னொரு கூத்து. பிணைச்சல் பளபளக்கும், ஆணி உள்ளே உக்கும்.

இது பணக்காரர் கவலை என்று சிலர் சிரிக்கலாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர், பல்லாண்டுகளின் பின் காணி திரும்பக் கிடைத்தபோது கண்டது கதவும் நிலையும் பிடுங்கப்பட்ட சுவர்களை. அவர்கள் சீட்டுக் கட்டி மறுபடியும் கதவு போடுகிறார்கள். இன்னொரு தரம் செய்ய அவர்களிடம் காசில்லை.

பிள்ளைகள் கனடாவில், தாய் இங்கே தனியே. மாரியில் மரம் ஊதி, தொய்ந்த மடல் நிலத்தில் உராயும். எழுபத்தைந்து வயதுக் கை அதைத் தள்ளாது. ஐப்பசியில் மூடிய மண்டபம் தையில்தான் திறக்கிறது. பணம் அனுப்பும் பிள்ளைகளே, கதவின் படத்தைக் கேட்குமுன் மடலின் நிறையைத் தச்சரிடம் கேளுங்கள். அந்த எண்ணைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்று எழுத்தில் போட்டிருக்கும் பொருத்துகளைக் கொழும்பிலாவது தேடி எடுத்துவிட்டு மரம் அறுக்கச் சொல்லுங்கள்.