அக்காவுக்கு ஒரு சக்களத்தி

"ஏலே, உங்க அத்தான் ஒருத்தியைக் கொண்டாந்து வீட்டோட வெச்சிருக்காரு. நீயாவது வந்து என்னன்னு கேளு!"

அக்கா போனில் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தான் பாளையங்கோட்டைக்காரர். பரம சாது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் சாஃப்ட்வேர் உத்தியோகம்.

"வயசு என்ன இருக்கும்?" என்றேன் பதறிப்போய்.

"அம்பது இருக்கும். உடம்பெல்லாம் ஓட்டை."

போன வருஷம் நேரிலேயே போய்ப் பார்த்தேன். 14 அடி நீளம். அலுமினிய மீன்பிடி போட். கார் நிற்கவேண்டிய ஷெட்டில் அது ட்ரெய்லர்மேல் சொகுசாகப் படுத்திருக்க, கார் வெளியே பனியில் விறைத்துக்கொண்டிருந்தது. ட்ரெய்லரோடு சேர்த்து 350 டாலராம். நம்ம தெருவில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்கூட இதை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, "வேற ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க தம்பி" என்றிருப்பார்.

அத்தானைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த ஊர் அப்படி. '10,000 ஏரிகள்' என்று கார் நம்பர் பிளேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். (பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளவற்றை எண்ணினால் 11,842 வருகிறது. என்ன தன்னடக்கம்!) மே மாதம் 'வால்-ஐ' என்கிற மீனுக்கு சீஸன் திறக்கும் சனிக்கிழமை அங்கே தீபாவளி மாதிரி. 1948லிருந்து கவர்னரே தூண்டிலும் கையுமாக அதைக் கொண்டாடுகிற வழக்கம் இருக்கிறது. எட்டு வருஷமாகக் கரையில் நின்று அடுத்தவன் போட்டை வேடிக்கை பார்த்தவருக்கு ஆசை வராதா?

இந்த அலுமினிய போட்டெல்லாம் ஒரு வகையில் ஏரோப்ளேனுக்குத் தம்பி. 1944ல் வில்லியம் ஹாஃப்மன் என்று ஒருவர், போர் விமானங்கள் செய்த க்ரம்மன் கம்பெனியின் பெரிய அதிகாரி, விடுமுறையில் ஓடம் விடப் போனார். மரமும் கேன்வாஸும் சேர்த்துச் செய்த ஓடத்தை ஏரிக்கு ஏரி தோளில் சுமந்து முதுகு கழன்றுபோக, 'விமானத் தகட்டிலேயே ஒன்று செய்தால் என்ன?' என்று தோன்றியது. யுத்தம் முடிந்ததும் கம்பெனி அலுமினிய ஓடம் விற்க ஆரம்பித்தது. விமானத்தில் போலவே தகட்டோடு தகடு வைத்து வரிசையாக ரிவெட். துரு பிடிக்காது, லேசு. வம்பு ரிவெட்டில்தான். அலை அடித்து அடித்து, முப்பது நாற்பது வருஷத்தில் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பிக்கும். ஆடினால் ஒழுகும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க அத்தான் செய்த காரியம்தான் விசேஷம். போட்டைத் தண்ணீரில் விடவில்லை, தண்ணீரைப் போட்டுக்குள் விட்டார்! தோட்டத்துக் குழாயைத் திருப்பி உள்ளே நிரப்பிவிட்டு, மார்க்கர் பேனாவோடு அடியில் படுத்துக்கொண்டார். சொட்டுகிற ரிவெட்டுக்கெல்லாம் வட்டம். பத்து சென்டிமீட்டர் உயரம் வந்ததும், "போதும், மூடு" என்று கத்தினார். நாலு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் ஆழம்... 400 லிட்டர். அதாவது 400 கிலோ அவர் மூஞ்சிக்கு மேலே! ஆசையில் விளிம்புவரை நிரப்பினால் ட்ரெய்லரும் நசுங்கும், ஆளும் நசுங்குவான்.

மொத்தம் 23 வட்டம்.

நான் போன ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸிலிருந்து ஒரு வீடியோ மீட்டிங். பதினைந்து நிமிஷம். முடியும்போது அத்தானுக்கு வேலை இல்லை. கம்பெனி லேப்டாப் தானாகவே பூட்டிக்கொண்டது.

அவர் மாதிரி ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் கணக்கு. (இது 2017ல் வந்த விதி.) அதற்குள் இன்னொரு கம்பெனி இவருக்காக மனுப் போடவேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்டுகிற வழியைப் பார்க்கவேண்டும். அக்கா சத்தம் போட்டிருந்தால் தேவலை. பேச்சையே நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

பி.காமில் எங்களுக்கு 'சங்க் காஸ்ட்' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். போன பணம் போனதுதான், அதை நினைத்து மேற்கொண்டு பணத்தைக் கொட்டாதே என்று அர்த்தம். சங்க் என்றால் மூழ்கிப்போனது. இவ்வளவு பொருத்தமான உதாரணம் எங்கள் புரொஃபஸருக்கே கிடைத்திருக்காது!

"போட்டை வந்த விலைக்குத் தள்ளிடுங்க அத்தான்" என்றேன்.

"மாப்ளே, காலையில எட்டு மணிலருந்து அப்ளிகேஷன் போடுறேன். நூறு போட்டா ரெண்டு பேரு பதில் போடுதான். அதுவும் இல்லைனுதான். நம்மகிட்ட எங்க ஓட்டைன்னே தெரியல. இது பரவாயில்லல்லா... 23 ஓட்டை. வட்டம் போட்டிருக்கு."

நான் வாயை மூடிக்கொண்டு சுத்தியலை எடுத்தேன்.

ஆடுகிற ரிவெட்டை இறுக்க ஆள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் படுத்து, ரிவெட் தலையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்கணும். இன்னொருவர் போட்டுக்குள் உட்கார்ந்து மறுமுனையில் அடிக்கணும். ரொம்பவும் தேய்ந்ததைத் துளை போட்டு எடுத்துவிட்டுப் புதுசு அடிக்கணும். (கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட் ஆகாது. அதன் நடுவிலேயே ஓட்டை!) நான் ஐந்து ரிவெட் வரை தாக்குப்பிடித்தேன். ஆறாவதில் இரும்புக் கட்டி வழுக்கிக் கட்டை விரல் வீங்கிவிட்டது.

வீங்கின விரலைப் பார்த்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டுப் படுத்தாள். இரும்பைப் பிடித்தாள். "அடிங்க" என்றாள்.

டொக். டொக்.

நடுவில் ஒரு அலுமினியத் தகடு. அவர் முகம் இவளுக்குத் தெரியாது, இவள் முகம் அவருக்குத் தெரியாது.

"பேங்க்ல எவ்வளவு இருக்கு?"

டொக். "நாலு மாசம் ஓடும்."

"ஊருக்கு எவ்வளவு அனுப்பணும்?"

டொக். "அம்மாவுக்கு மட்டும்தான்."

"என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

சுத்தியல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. நான் விரலுக்கு ஐஸ் வைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரி பதினொன்று வரை டொக் டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. மோட்டார் மாட்டுகிற பின்பலகை ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் மருந்தேற்றின கட்டையை அத்தான் வாங்கி வர, பக்கத்து வீட்டுத் தாத்தா ஓடி வந்து தடுத்தார். அந்த மருந்தில் செம்பு இருக்கிறதாம். செம்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியத்தைத் தின்றுவிடும். அடித்தட்டைச் சுரண்டும்போது அத்தாட்சியும் கிடைத்தது. 1974ஆம் வருஷத்து ஒரு சென்ட் காசு. 1982 வரை அமெரிக்க சென்ட்டில் 95 சதவிகிதம் செம்பு. எவர் பையிலிருந்தோ விழுந்த காசு, சுற்றிலும் வெள்ளைப் பொடியாக அரித்துக் குழி பறித்து வைத்திருந்தது. பிறகு மெரைன் பிளைவுட் வாங்கி, எபாக்ஸி பூசி, ஷெட்டில் குளிருக்கு ஹீட்டர் வைத்துக் காயப்போட்டோம். ஸீட்டுக்கு அடியில் தண்ணீர் குடித்து ஊறிப்போன ஃபோமை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தோம். போட்டில் தண்ணீர் நிறைந்தாலும் முழுகாமல் தாங்குவது அதுதான்.

மே மாதம், அந்தச் சனிக்கிழமை. வேலை போன 40வது நாள். போட்டை ஏரியில் இறக்கி, மூவரும் ஏறி, ஐம்பது அடிகூடப் போகவில்லை. காலடியில் ஜில்லென்றது.

"ஒழுகுதுங்க!" அக்கா அலறினாள்.

அத்தான் மண்டியிட்டு ரிவெட் ரிவெட்டாகத் தடவுகிறார். நான் பிளாஸ்டிக் டப்பாவால் மொள்ளுகிறேன். கடைசியில் பார்த்தால், பின்னாலிருக்கும் தக்கையை மாட்டவே இல்லை! அந்த மாநிலத்தில் போட்டை ரோட்டில் இழுத்துப் போகும்போது தக்கையைக் கழற்றித்தான் வைக்கவேண்டும். ஓர் ஏரியின் வேண்டாத கிருமி, கிளிஞ்சல் இன்னொரு ஏரிக்குப் போகக் கூடாதாம். சட்டத்தை மதித்தவர் மாட்டுவதை மறந்துவிட்டார். தக்கை அக்கா கைப்பையிலேயே இருந்தது.

23 ரிவெட்டில் ஒன்றும் ஒழுகவில்லை. மீனும் ஒன்றும் சிக்கவில்லை.

வேலை 55வது நாள் கிடைத்தது. டெக்ஸாஸில். சம்பளம் முன்னைவிடக் குறைச்சல்தான், ஆனால் மனு நேரத்துக்குப் போய்விட்டது. வீட்டைக் காலி செய்கிற சமயம் பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து போட்டைத் தட்டிப் பார்த்து, 900 டாலருக்குக் கேட்டார். என் நோட்டுப் புத்தகக் கணக்குப்படி வாங்கின விலை 350, செலவு 410. நிகர லாபம் 140 டாலர்! (என் கட்டை விரலைச் சேர்க்காமல்.) நான் அத்தானை ஜாடையாக இடித்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது.

"அது விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லுங்க. காருக்குப் பின்னால மாட்டியாச்சா, இல்லையா?"